கப்பல் ஆஸ்பத்திரியில் சம்பளம் யாருக்கு?

அம்மா, உங்கள் மகள் நர்சிங் முடித்து ஒரு வருடமாக வேலை பார்க்கிறாள், ஆப்பிரிக்காவில் இலவசமாக ஆபரேஷன் செய்யும் கப்பலுக்குப் போகிறேன் என்று பிடிவாதமாக நிற்கிறாள் என்று சொன்னீர்கள். கல்விக் கடன் பாக்கி இருக்கிறதே, அங்கே என்ன சம்பளம் தருவார்கள் என்றும் கேட்டீர்கள்.

சம்பளம் வராதம்மா. அப்படி ஆபரேஷன் கப்பல்களை நடத்தும் தொண்டு நிறுவனம் மெர்சி ஷிப்ஸ். அதன் கப்பல்களுக்கு வெளிநாடுகளிலிருந்து போகும் நர்ஸ், டாக்டரெல்லாம் பெரும்பாலும் தொண்டர்கள். போக வர ஆகும் செலவைத் தாங்களே போட்டுக்கொள்வார்கள், இல்லையென்றால் நன்கொடை திரட்டுவார்கள்.

அங்கே சம்பளத்துக்கு எடுப்பது உள்ளூர்க்காரர்களை. 'டே க்ரூ' என்று அவர்களைச் சொல்லி வந்தார்கள், இப்போது 'நேஷனல் க்ரூ' என்கிறார்கள். கப்பல் ஒரு நாட்டில் ஏறக்குறைய பத்து மாதம் நிற்கும். அந்தக் காலத்துக்கு அந்த ஊர் ஆட்களையே சமையலுக்கும், துப்புரவுக்கும், டெக் வேலைக்கும், வண்டி ஓட்டவும், ஆபரேஷன் கருவிகளைக் கிருமிநீக்கம் செய்யவும் எடுக்கிறார்கள். வருகிற சம்பளம் துறைமுக ஊரிலேயே தங்குகிறது, கற்ற வேலையும் அங்கேயே தங்குகிறது. இது சரியான ஏற்பாடு என்றே நான் நினைக்கிறேன்.

இவர்களில் மொழிபெயர்ப்பாளர்களைப் பற்றித்தான் உங்கள் மகள் தெரிந்துகொள்ள வேண்டும். அவர்களுடைய 'குளோபல் மெர்சி' என்ற கப்பல் 2023 ஆகஸ்டில் மேற்கு ஆப்பிரிக்க நாடான சியரா லியோனின் ஃப்ரீடவுன் துறைமுகத்துக்கு வந்தது. ஆறு ஆபரேஷன் தியேட்டர் உள்ள கப்பல். கப்பலுக்குள் பேச்செல்லாம் ஆங்கிலம். கிராமத்திலிருந்து வரும் நோயாளிக்குத் தெரிந்தது கிரியோ, தெம்னே, மெண்டே போன்ற அந்த ஊர் மொழிகள். தீக்காயத்தில் தோல் சுருங்கி, கை மடங்கியபடியே ஒட்டிப்போன குழந்தையை வைத்துக்கொண்டு ஒரு தாய் உட்கார்ந்திருக்கிறாள் என்று வையுங்கள். கையை விடுவிக்க எங்கே வெட்டுவார்கள், ஒட்டுப் போட எங்கிருந்து தோல் எடுப்பார்கள், அதன்பிறகு குழந்தை அழுதாலும் தினமும் ஏன் பயிற்சி கொடுக்க வேண்டும் என்பதையெல்லாம் அவள் மொழியில் எடுத்துச் சொல்லி, அவள் வாய்விட்டுக் கேட்காத பயத்தையும் புரிந்துகொண்டு நர்ஸிடம் சொல்வது அந்த ஊர் மொழிபெயர்ப்பாளர்தான். கிரியோவில் நலம் விசாரிக்க 'ஆவ் டி பாடி?' என்பார்கள். நாம் 'உடம்பு எப்படி இருக்கு?' என்று கேட்கிறோமே, அதேதான்.

அதனால் மகளைத் தடுக்காதீர்கள், இப்போதே அனுப்பவும் வேண்டாம். முதலில் கடனை அடைக்கட்டும். அறுவை சிகிச்சை வார்டிலோ தீக்காயப் பிரிவிலோ இன்னும் இரண்டு வருடமாவது வேலை பார்க்கட்டும். ஆங்கிலம் தயங்காமல் பேச வர வேண்டும். பிறகு, குறுகிய காலத் தொண்டுக்கு நேராக அவர்களுடைய இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். நடுவில் யாராவது வந்து, அந்தக் கப்பலில் சம்பள வேலை வாங்கித் தருகிறேன், முன்பணம் கட்டுங்கள் என்றால் ஒரு ரூபாய்கூடக் கொடுத்துவிடாதீர்கள்.

அவளிடம் இன்னொன்றும் கேளுங்கள். அவள் வார்டுக்கு ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வேலைக்கு வந்த தொழிலாளி அடிபட்டு வந்தால், அவருக்கு யார் விளக்கிச் சொல்கிறார்கள்? கூட வந்த நண்பர்தான் என்றால், இந்த மாதமே அவள் இந்தி படிக்க ஆரம்பிக்கட்டும். 'எங்கே வலிக்குது' என்பதில் தொடங்கினால் போதும்.