சித்தப்பா படகில் ஏறுவதற்கு முன்னால்

கேள்வி: திருவொற்றியூரில் இருக்கிறோம். காணும் பொங்கலுக்கு உறவினர்கள் 14 பேர் சேர்ந்து எண்ணூர் முகத்துவாரம் பக்கம் படகில் ஒரு சுற்று போய்வரலாம் என்று பேச்சு நடக்கிறது. என் கணவரின் சித்தப்பா ஃபைபர் படகு வைத்திருக்கிறார். முப்பது வருஷமாகக் கடலுக்குப் போகிறவர். படகில் ஆறு லைஃப் ஜாக்கெட் இருக்கிறது. "குழந்தைகளுக்கு மாட்டினால் போதும், பெரியவர்களுக்கு எதற்கு?" என்கிறார்கள். போதுமா?

பதில்: போதாது சகோதரி. ஆறு ஜாக்கெட் என்றால் ஆறு பேர்தான். சித்தப்பாவும் ஒன்றைப் போட்டுக்கொள்ள வேண்டும், ஆக ஒரு நடைக்கு ஐந்து பேர். 14 பேருக்கு மூன்று நடை ஆகும், ஆகட்டும். இல்லையென்றால் இன்னும் சில ஜாக்கெட் வாங்கிக்கொள்ளுங்கள்.

சித்தப்பாவின் அனுபவத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அந்த அனுபவமெல்லாம் வலையோடும் கூட்டாளிகளோடும் போனது. வலை படகின் அடியில் போட்ட இடத்தில் கிடக்கும். சொந்தக்காரர்கள் அப்படி இருப்பார்களா? ஒருவர் போட்டோ எடுக்க எழுந்து நிற்பார், அதைப் பார்க்க நாலு பேர் அதே பக்கம் சாய்வார்கள். உட்கார்ந்திருக்கும்போது தாழ்வாக இருக்கிற பாரம், எழுந்து நின்றதும் மேலே ஏறிவிடும். அடியில் கொஞ்சம் தண்ணீரும் தேங்கியிருந்தால் அதுவும் சாய்ந்த பக்கமே ஓடும். அப்புறம் படகு கவிழ ஒரு சின்ன அலை போதும்.

2023 மே 7 அன்று கேரளத்தில் தானூரில் கவிழ்ந்ததும் மீன்பிடி படகைச் சுற்றுலாவுக்கு மாற்றியதுதான். அளவுக்கு மேல் ஆள் ஏற்றியிருந்தார்கள். இறந்த 22 பேரில் 11 பேர் ஒரே குடும்பம். நம் பக்கத்தில் பழவேற்காட்டை மறந்திருக்கமாட்டீர்கள். 2011 கிறிஸ்துமஸ் அன்று, அங்கேயும் 22 பேர். குடும்பமாகச் சிரித்துக்கொண்டு போனவர்கள்தான் அவர்களும். அதை நினைத்தால் இன்றும் எனக்கு மனசு கனக்கிறது.

'நீச்சல் தெரியும்' என்று சொல்பவர்களிடம் ஒன்று சொல்லுங்கள். கவிழ்ந்த பிறகு தண்ணீருக்குள் ஜாக்கெட் மாட்டுவது நடக்காத காரியம். ஒரு கையால் படகைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கிக்கொண்டு, பெல்ட்டை எங்கே தேடுவது? சீட்டுக்கு அடியில் கிடக்கிற ஜாக்கெட் இல்லாததற்குச் சமம். மணலில் நிற்கும்போதே மாட்டி, எல்லாக் கொக்கியும் போட்டு இறுக்கிவிட வேண்டும்.

இறுக்கம் சரியா என்று பார்க்க ஒரு வழி: போட்டவர் இரண்டு கையையும் தூக்கட்டும். நீங்கள் தோள்பட்டைப் பகுதியைப் பிடித்து மேலே இழுங்கள். ஜாக்கெட் முகவாய்க்கு மேல் ஏறி வந்தால் தளர்வு, தண்ணீரில் கழன்றுவிடும். உள்ளே தைத்திருக்கும் துணியில் எத்தனை கிலோ எடைக்கு என்று போட்டிருக்கும், அதைப் படியுங்கள். 100 நியூட்டன் என்று இருந்தால் ஏறக்குறைய 10 கிலோவைத் தூக்கும் மிதப்பு. ஒரு பெரியவரின் தலை தண்ணீருக்கு மேல் நிற்க அது தாராளம். ஆனால் பெரியவர் ஜாக்கெட்டைக் குழந்தைக்கு மாட்டினால் குழந்தை அடி வழியாக நழுவிவிடும். குழந்தைக்கு அதன் எடைக்கு ஏற்றது, கால் இடுக்கு வழியாக வரும் பட்டையோடு வேண்டும். உறை கிழிந்ததும், உள்ளே இருக்கும் ஃபோம் நசுங்கித் தட்டையானதும் வேண்டாம். புடவை, துப்பட்டா எதுவாக இருந்தாலும் ஜாக்கெட் அதன் மேல் வரட்டும், முந்தானை வெளியே தொங்கக் கூடாது. குழந்தையைப் படகோடோ உங்களோடோ கட்டிவைக்காதீர்கள்.

இன்ஜினில் சிவப்புச் சுருள் கயிறு ஒன்று இருக்கும். ஓட்டுபவர் அதைக் கையில் மாட்டியிருந்தால், அவர் தவறி விழுந்ததும் இன்ஜின் நின்றுவிடும். மாட்டாமல் விழுந்தால் ஆளில்லாத படகு வட்டமடிக்கும், விசிறி தண்ணீரில் இருப்பவரை வெட்டும். பலர் இதைச் சும்மா தொங்கவிட்டிருப்பார்கள். சித்தப்பாவிடம் நீங்களே கேட்டு மாட்டச் சொல்லுங்கள்.

இடத்தைப் பற்றி. முகத்துவாரத்தைத் தாண்டிக் கடலுக்குள் போகவே வேண்டாம். தண்ணீர் இறங்கும் நேரத்தில் ஆற்றிலிருந்து வேகமாக வெளியே போகும் ஓட்டமும், கடலிலிருந்து வரும் அலையும் அங்கே முட்டிக்கொள்ளும். அலை செங்குத்தாக எழும்பும். மணல் திட்டும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓட்டம் இன்னும் கடுமை. காலையில் போய் வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடுங்கள். வானிலை ஆய்வு மையம் 'மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்' என்று அறிவித்த நாளில் ஆற்றிலும் இறங்க வேண்டாம்.

இன்னொன்று. மீன்பிடிக்கப் பதிவு செய்த படகில் சுற்றிப்பார்க்க ஆள் ஏற்றலாமா என்று மீன்வளத்துறையிடமும் காவல் நிலையத்திலும் முன்கூட்டியே கேளுங்கள். காணும் பொங்கல் அன்று கட்டுப்பாடுகளும் அதிகம், வேறு நாள் வைப்பதே நல்லது. கூடாது என்று சொன்னால் மல்லுக்கு நிற்க வேண்டாம். கொஞ்சம் தூரம்தான், ஆனால் முட்டுக்காட்டில் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுக் குழாம் இருக்கிறது. அங்கேயும் ஜாக்கெட் இறுக்கத்தை நீங்களே பாருங்கள்.

அனுமதி கிடைத்துப் போகிறீர்கள் என்றால், குடித்தவர் யாரும் ஏறக் கூடாது, அது மாமாவாக இருந்தாலும் சரி. படகு கவிழ்ந்தால் கரைக்கு நீந்தப் பார்க்காதீர்கள். படகையே பிடித்துக்கொண்டு தலைகளை எண்ணுங்கள். கரையில் ஒருவரை நிறுத்தி, எத்தனை பேர் போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று எழுதிக் கொடுங்கள். அதே தாளில் இரண்டு எண்களும் இருக்கட்டும்: கடலோரக் காவல் குழுமம் 1093, கடலோரக் காவல் படை 1554. சொன்ன நேரம் தாண்டிவிட்டால், 'வந்துவிடுவார்கள்' என்று காத்திருக்காமல் உடனே கூப்பிடச் சொல்லுங்கள்.