நாற்பது சார்ட் இருந்தும் அப்பா ஏன் ஃபோனில் கேட்கிறார்?

கேள்வி: திருப்பூரில் எங்களுக்குப் பின்னலாடை ஏற்றுமதி கம்பெனி. போன வருடம் நிறையச் செலவு செய்து, கம்பெனிக் கணக்கெல்லாம் ஒரே திரையில் சார்ட்டாகக் காட்டும் டாஷ்போர்டு போட்டோம். நாற்பது சார்ட் ஓடுகிறது. ஆனால் அப்பா இன்னும் சூப்பர்வைசருக்கு ஃபோன் போட்டுத்தான் கேட்கிறார். மீட்டிங்கில் ஆளுக்கொரு எக்செல், ஆளுக்கொரு கணக்கு. ஏஐ வசதியும் சேர்த்தால் சரியாகிவிடுமா?

பதில்: ஏஐ இப்போதைக்கு வேண்டாம். முதலில், அப்பா ஃபோனில் என்னவெல்லாம் கேட்கிறார் என்று இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். சாயப்பட்டறையில் இருந்து துணி வந்துவிட்டதா, அந்த ஆர்டரில் தையலில் எத்தனை பீஸ் நிற்கிறது, வெள்ளிக்கிழமை கன்டெய்னரைப் பிடித்துவிடலாமா என்று ஏழெட்டுக் கேள்விதான் திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொன்றுக்கும் பின்னால் அவர் எடுக்க வேண்டிய ஒரு முடிவு இருக்கிறது: ஓவர்டைம் போடுவதா, வெளியாளிடம் ஜாப் ஒர்க்குக்குக் கொடுப்பதா, தூத்துக்குடியில் கப்பல் ஏற்றலாமா, இல்லை லாபம் போனாலும் பரவாயில்லை என்று விமானத்தில் அனுப்புவதா. இதில் எதற்கும் உதவாத சார்ட்டை எடுத்துவிடுங்கள். காசு கொடுத்துச் செய்ததாயிற்றே, மனசு வராது, ஆனாலும் எடுங்கள்.

1958-லேயே ஐபிஎம்மின் ஹான்ஸ் பீட்டர் லூன் ‘பிசினஸ் இன்டெலிஜென்ஸ்’ அமைப்பு என்று ஒரு கட்டுரை எழுதினார். அவர் பேசியது ஆவணங்களைப் பற்றி. வந்து குவிகிற தகவலில் எது யாருக்குத் தேவையோ, அது அந்த வேலையைச் செய்கிறவரிடம் தானாகப் போய்ச் சேர வேண்டும் என்பதுதான் அதில் விஷயம். உங்கள் லைன் சூப்பர்வைசருக்கு அந்த டாஷ்போர்டைத் திறக்க லாகின் இருக்கிறதா? தையலில் ஒரு குறை தொடர்ந்து வருகிறது என்று காலை பதினோரு மணிக்கு அவருக்குத் தெரிந்தால் மெஷினை நிறுத்திச் சரி செய்வார், மாதக் கடைசி ரிப்போர்ட்டில் தெரிந்தால் ஒன்றும் செய்ய முடியாது, பீஸ் எல்லாம் பேக்கிங் தாண்டிப் போயிருக்கும்.

அப்புறம் அந்த மீட்டிங் சண்டை. ‘அனுப்பிய பீஸ்’ என்றால் பேக்கிங்கில் பெட்டி ஒட்டியது, ஆர்டரைக் கவனிக்கிற மெர்ச்சன்டைசருக்கு லாரி ஏறியது, அக்கவுண்ட்ஸில் இன்வாய்ஸ் போட்டது. மூவர் சொல்வதும் சரிதான், அதனால்தான் சண்டை ஓயவே இல்லை. எது கணக்கு என்று மூவரையும் உட்கார வைத்து ஒரு வரி எழுதி, அதற்கு ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். இந்த வேலையை எந்த மென்பொருளும் உங்களுக்காகச் செய்யாது.

இன்னொன்று, எனக்கு இதுதான் பெரிய கவலை. லைனில் எத்தனை பீஸ் முடிந்தது, எத்தனை குறை என்று கணக்கு எழுதுகிறவர் சாயங்காலம் மொத்தமாக உட்கார்ந்து குத்துமதிப்பாக நிரப்புகிறாரா என்று நேரில் போய்ப் பாருங்கள். திரையில் குறையைக் காட்டும் சிவப்பு வந்த அன்றைக்கெல்லாம் அவருக்குத் திட்டு விழுந்தால், அடுத்த வாரம் சிவப்பே வராது. குறை அப்படியே இருக்கும், கணக்கு மட்டும் அழகாகிவிடும், அப்பாவும் அதை நம்பாமல் மறுபடி ஃபோனைத்தான் எடுப்பார். அப்பா செய்வதில் தப்பே இல்லை. சிவப்பைக் காட்டியவரிடம் ‘என்ன உதவி வேணும்’ என்று முதலில் கேளுங்கள், அதையும் அப்பாவே கேட்டால் நல்லது.

இதெல்லாம் நடந்து, ஒரு ஆர்டராவது முதல் பீஸில் இருந்து கப்பல் ஏறும் வரை திரைக்கணக்கும் தரைக்கணக்கும் ஒத்துப்போன பிறகு, ஏஐ பற்றி எழுதுங்கள், பேசலாம்.