அரசியல் அங்கதக் கவிதையா? டிரைடனின் அப்சலோமில் தொடங்குங்கள்

கேள்வி இதுதான்: "ஆங்கிலத்தில் அரசியலைக் கேலி செய்யும் பழைய உருவகக் கவிதைகளை, அதில் வரும் ஆள்கள் யாரென்றே தெரியாத நாம் இன்று படித்து என்ன ஆகப்போகிறது? ஒன்றே ஒன்று படிப்பதென்றால் எது?"

ஆங்கிலக் கவிஞர் ஜான் டிரைடன் 1681 நவம்பரில் தன் பெயர் போடாமல் வெளியிட்ட 'அப்சலோம் அண்ட் அகிட்டோஃபெல்'. எனக்கு இதில் இரண்டாம் யோசனையே கிடையாது.

பி.ஏ. படிக்கும்போது எங்களுக்கு இது பாடம். ஆனால் ஒரு அட்டவணையாகத்தான் கைக்கு வந்தது. பைபிளில் வரும் ராஜா தாவீது என்றால் இங்கிலாந்து ராஜா இரண்டாம் சார்லஸ், தாவீதின் மகன் அப்சலோம் என்றால் மான்மத் பிரபு, அப்சலோமுக்குத் துணைபோன ஆலோசகன் அகித்தோப்பேல் (தலைப்பில் வரும் அகிட்டோஃபெல்) என்றால் ஷாஃப்ட்ஸ்பரி பிரபு, எருசலேம் லண்டன், எகிப்து பிரான்ஸ். மனப்பாடம் செய்து எழுதி மதிப்பெண்ணும் வாங்கியாயிற்று. கவிதை மட்டும் மனசில் ஒட்டவில்லை. அப்புறம் ஒருநாள் விடுதியில் அறைத்தோழனின் தமிழ் வேதாகமத்தை எடுத்து, இரண்டாம் சாமுவேலைப் பதின்மூன்றாம் அதிகாரத்திலிருந்து படித்தேன். அப்பாவுக்கு எதிராகப் படை திரட்டும் அப்சலோம் கடைசியில் கர்வாலி மரத்தில் தலை சிக்கி, வானத்துக்கும் பூமிக்கும் நடுவே தொங்குகிறான். தாவீதின் படைத்தலைவன் யோவாப் வந்து குத்திக் கொல்கிறான். செய்தி கேட்ட தாவீது, "என் மகனாகிய அப்சலோமே, என் மகனே" என்று அழுகிறான். அந்த இரவுதான் டிரைடன் என்ன செய்திருக்கிறார் என்று எனக்கு உறைத்தது.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சார்லஸுக்கு ராணியிடம் பிள்ளை இல்லை. அடுத்துப் பட்டத்துக்கு வரவேண்டிய தம்பி ஜேம்ஸ் கத்தோலிக்கர். ராஜாவைக் கொல்லக் கத்தோலிக்கர்கள் சதி செய்கிறார்கள் என்று 1678இல் டைட்டஸ் ஓட்ஸ் கட்டிவிட்ட பொய்யில் நாடே நடுங்கிக்கொண்டிருந்தது. ஜேம்ஸை வாரிசுரிமையிலிருந்து விலக்க ஷாஃப்ட்ஸ்பரி முன்னின்றார். மான்மத் ராஜாவின் மூத்த மகன், ஆனால் முறையான மணத்தில் பிறந்தவர் இல்லை. புராட்டஸ்டண்ட், அழகர், ஜனங்களின் செல்லம். 1681 ஜூலையில் ஷாஃப்ட்ஸ்பரியை ராஜத்துரோகக் குற்றச்சாட்டில் லண்டன் கோபுரத்தில் அடைத்தார்கள். அவர் வழக்கு ஜூரி முன் வர ஒரு வாரம் இருக்கும்போது இந்தக் கவிதை கடைக்கு வந்தது. (ஜூரி வழக்கை ஏற்கவில்லை, அவர் வெளியே வந்துவிட்டார்.)

தொல்காப்பியம் அங்கதத்தை வெளிப்படையாகத் தாக்குவது, மறைத்துத் தாக்குவது என்று இரண்டாகப் பிரித்து, மறைப்பதைப் பழிகரப்பு என்கிறது. இங்கே யார் யார் என்பதில் ஒரு மறைவும் இல்லை. பைபிளை வரி வரியாக அறிந்த லண்டன்காரர்களுக்கு முதல் பக்கத்திலேயே ஆள் தெரிந்துவிடும். டிரைடன் சொல்லாமல் விட்டது கதையின் முடிவை. ஆயிரத்துச் சொச்சம் வரிகளில் அந்த மரம் வரவே வராது. ஆனால் படிக்கிற ஒவ்வொருவர் கண்ணிலும் அது நின்றுகொண்டிருக்கும். முன்னுரையில் அவரே சொல்கிறார்: அப்சலோம் அழிவதைக் காட்ட எனக்கு மனம் வரவில்லை, நான் கதையைக் கற்பித்தவனாக இருந்தால் தந்தையும் மகனும் சமாதானமாவதாக முடித்திருப்பேன், நான் வரலாறு எழுதுகிறவன்தானே என்று. ஒரு உருவகத்தைத் தேர்ந்தெடுத்தால் அது கவிஞனையும் கட்டிப்போடும். மான்மத்தை அப்சலோம் என்று அழைத்த அந்த நொடியில், அப்பாவின் பாசத்தையும் சேர்த்துத்தான் எழுதியாக வேண்டும். அதனால்தான் கடைசியில் பேசும் ராஜா, அவன் மனம் திருந்தி உயிரோடிருக்க மாட்டானா, பெற்றவர்களுக்கு மன்னிப்பது எவ்வளவு சுலபம் என்று ஏங்குகிறார். அதே பேச்சில், பொறுமைசாலியின் கோபத்துக்கு அஞ்சுங்கள் என்றும் எச்சரிக்கிறார். கட்சிக்காக எழுதிய கவிதைதான், டிரைடன் அரசவைக் கவிஞர். இருந்தும் இந்த வரிகளில் எனக்குக் கட்சி தெரிவதில்லை.

எதிரியிடம் காட்டும் நியாயமும் எனக்குப் பிடிக்கும். ஷாஃப்ட்ஸ்பரியைச் சதிகாரர் என்று சாடிய கையோடு, இரண்டாம் பதிப்பில், நீதிபதியாக இருந்தபோது அவர் கை சுத்தமான கை என்று வரிகள் சேர்த்தார்.

முழுதும் படிக்க நேரமில்லை என்றால் சிம்ரி வரும் 25 வரிகளையாவது படியுங்கள். சிம்ரி என்பது பக்கிங்ஹாம் பிரபு. 1671இல் மேடையேறிய ஒரு நாடகத்தில் டிரைடனைக் கோமாளியாக்கிச் சிரித்தவர். பத்து வருஷம் கழித்து டிரைடன் திருப்பிக் கொடுத்தார். வசைச்சொல் ஒன்றுகூட வேண்டியிருக்கவில்லை. இவர் ஒரு மனிதர் இல்லை, மனித குலத்தின் மொத்தச் சுருக்கம் என்று புகழ்வதுபோல் தொடங்குகிறார். எதிலும் பிடிவாதம், எப்போதும் தப்பான பக்கம். அப்புறம் அந்தப் பட்டியல்: நிலா ஒரு சுற்று வருவதற்குள் ரசவாதி, பிடில் வாசிப்பவர், ராஜதந்திரி, கோமாளி. நான்கும் ஒரே வரி. ராஜதந்திரிக்கு அடுத்த சொல்லே கோமாளி. வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், அந்த இடத்தில் நாக்கு தானாக வேகமெடுக்கும்.

1693இல் அங்கதத்தைப் பற்றி எழுதிய கட்டுரையில், கவிதை முழுவதற்கும் ஈடு இந்தச் சிம்ரிதான் என்றார் டிரைடன். ஆளைக் கன்னாபின்னாவென்று வெட்டுவது வேறு; தலை துண்டான பிறகும் அது இருந்த இடத்திலேயே நிற்கும்படி ஒரே வீச்சில் அறுப்பது வேறு என்று அங்கேதான் சொல்கிறார். ஜாக் கெட்ச் என்ற தூக்குப்போடுபவரின் பெயரும் அடுத்தே வருகிறது. அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மான்மத் நினைவுதான். சார்லஸ் இறந்த 1685இல் அவர் படையோடு வந்திறங்கி, தோற்று, பிடிபட்டார். அப்போது அரியணையில் இருந்தது மன்னிக்கக்கூடிய அப்பா இல்லை, சித்தப்பா ஜேம்ஸ். ஜூலை 15 அன்று தலையை வெட்டியது இதே ஜாக் கெட்ச். ஒரே வெட்டில் முடியவில்லை.