இருபது ஆண்டு என்றால் எத்தனை ஆண்டு?

அன்புள்ள அண்ணா,

தென்னாப்பிரிக்காவில் டர்பனை அடுத்த சாட்ஸ்வர்த்திலிருந்து எழுதுகிறேன். சிறையில் தேவாரம் சொல்லிக்கொடுத்த நாட்களைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். கைதிகளுக்குப் பரோல் வேண்டும், அதாவது தண்டனை முடியுமுன்பே நிபந்தனையோடு வெளியே விட வேண்டும் என்று அதில் ஒரு வரி இருந்தது. அதற்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை.

2013-இல் எங்கள் அப்பாவைக் கடையிலேயே சுட்டுக் கொன்றார்கள். வந்தவர்கள் இரண்டு பேர். சுட்டவனுக்கு ஆயுள் தண்டனை. கூட வந்தவனுக்கு அப்போது பத்தொன்பது வயது. வயதைக் கருதி 2015-இல் இருபது ஆண்டு கொடுத்தார்கள். அம்மா நீதிமன்றத்திலேயே விரல்விட்டு எண்ணினார். "2035 வரைக்கும் அவன் முகத்தைப் பார்க்க வேண்டாம்" என்றார். பத்து ஆண்டு முடிந்ததும் பழைய வீட்டு முகவரிக்கு ஒரு கடிதம் வந்தது. இப்போது அங்கே குடியிருப்பவர் கொண்டுவந்து கொடுத்தார். அவனைப் பரோலுக்குப் பரிசீலிக்கிறார்களாம்.

சிறையில் ஒழுங்காக நடந்துகொள்வது ஒரு சாதனையா? எங்கள் அப்பா அறுபத்திரண்டு ஆண்டு ஒழுங்காக நடந்துகொண்டார். இருபதில் பத்தைத் தள்ளுபடி செய்தது யார்? கொலைக்கும் கொள்ளைக்கும் இந்தச் சலுகைகளை அடியோடு நிறுத்த வேண்டாமா? அம்மா தினமும் கேட்கிறார். என்னிடம் பதில் இல்லை. என் பெயரை வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகி

*

அன்புள்ள தங்கைக்கு,

அம்மா விரல்விட்டு எண்ணியதைப் படித்ததும் எனக்கு வேறொரு கணக்கு நினைவுக்கு வந்தது. அதை அந்தக் கட்டுரையில் எழுதாமல் விட்டிருந்தேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஞாயிறுதோறும் ஒரு சிறைக்குப் போவேன். பத்துப் பன்னிரண்டு பேர் பாட வருவார்கள். அவர்களில் தமிழ் எழுத்து தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை. பதிகங்களை ஆங்கில எழுத்தில் எழுதிக் கொடுப்போம். நேட்டாலில் பிறந்த நம் தலைமுறைகளின் நிலை அதுதான். அவர்களுடைய நோட்டுகளின் பின்னட்டையில் மூன்று தேதிகள் எழுதியிருக்கும். முழுத் தண்டனை முடியும் நாள், பாதி முடியும் நாள், கிரெடிட் நாள்.

அன்று நடப்பில் இருந்தது 1959-ஆம் ஆண்டுச் சட்டம். 1993-இல் அதில் கிரெடிட் முறையைச் சேர்த்திருந்தார்கள். விதிகளுக்கு அடங்கி நடந்து, பயிற்சிகளிலும் கலந்துகொண்டால், சிறையில் கழித்த காலத்தில் பாதி அளவு வரை கிரெடிட் கிடைக்கும். மனைவியைக் கொன்று பதினெட்டு ஆண்டு பெற்ற ஒருவர் அதை எனக்கு விளக்கினார். ஆறு ஆண்டு இருந்தால் மூன்று ஆண்டு கிரெடிட். ஆறும் மூன்றும் ஒன்பது. ஒன்பது என்பது பதினெட்டில் பாதி. பாதி முடிந்தால் பரோலுக்குப் போகலாம். ஆக, பதினெட்டு என்பது ஆறு. அவர் மென்மையாகப் பேசுவார். சம்பந்தர் பதிகத்தை எங்கள் எல்லாரையும்விடச் சுருதி பிசகாமல் பாடுவார். அவர் நல்லவரா கெட்டவரா என்று அன்றும் எனக்குத் தெரியாது, இன்றும் தெரியாது.

சில மாதங்கள் கழித்து ஆடி மாதத்தில் ஒரு கோயிலில் கூழ் வார்க்கும் நாளன்று, கொலையுண்ட அந்தப் பெண்ணின் அக்காவைச் சந்தித்தேன். இரண்டு பிள்ளைகளையும் அவர்தான் வளர்த்துவந்தார். "பதினெட்டு ஆண்டு இருக்கிறது, அண்ணா. அதற்குள் இதுகள் வளர்ந்து ஆளாகிவிடும்" என்றார். அவரிடம் இருந்தது ஒரே ஒரு தேதி. மற்ற இரண்டும் எனக்குத் தெரியும். சொல்ல வாய் வரவில்லை. கூழை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

உங்கள் அம்மாவுக்கு நேர்ந்ததும் அதுதான். உள்ளே இருப்பவனுக்கு எல்லாத் தேதிகளும் தெரிகின்றன. இழந்தவர்களுக்கு ஒரு தேதியை மட்டும் சொல்லி வீட்டுக்கு அனுப்புகிறார்கள்.

பத்து ஆண்டைத் தள்ளுபடி செய்தது யார் என்று கேட்டீர்கள். சிறை அதிகாரிகள் அல்ல. 2004 அக்டோபர் 1 முதல் நடந்த குற்றங்களுக்குக் கிரெடிட் முறை கிடையாது. இப்போதுள்ள 1998-ஆம் ஆண்டுச் சட்டப்படி, காலம் குறித்த தண்டனை பெற்றவர் பொதுவாகப் பாதியை உள்ளே கழித்த பிறகுதான் பரோலுக்குப் பரிசீலிக்கப்படுவார். ஆயுள் தண்டனை என்றால் குறைந்தது 25 ஆண்டு. அப்படியானால் அந்தப் பத்து, 2015-இல் தீர்ப்பு வாசித்த நிமிடத்திலேயே இருபதுக்குள் இருந்தது. அரசு வழக்கறிஞருக்கும் எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கும் தெரிந்திருக்கும். கூண்டில் நின்ற அந்தப் பையனுக்குக்கூட அன்றிரவே யாராவது சொல்லியிருப்பார்கள். உங்கள் அம்மாவிடம் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்குக் கோபம் வருவது இங்கேதான்.

நீதிபதி விரும்பியிருந்தால் அந்த எல்லையைத் தள்ளி வைத்திருக்கலாம். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 276பி பிரிவு அதற்கு இடம் தருகிறது. இத்தனை ஆண்டுக்கு முன் பரோல் இல்லை என்று தீர்ப்பிலேயே எழுதலாம். உச்சவரம்பு தண்டனையில் மூன்றில் இரண்டு பங்கு அல்லது 25 ஆண்டு, இரண்டில் எது குறைவோ அது. இருபதுக்கு அது பதின்மூன்று ஆண்டு நான்கு மாதம். கொலை, பாலியல் வன்கொடுமை, ஆயுதக் கொள்ளை ஆகியவற்றுக்கு இந்த எல்லையைக் குறிப்பது நீதிபதியின் விருப்பமாக இல்லாமல் கடமையாக வேண்டும் என்பது என் நிலைப்பாடு. அந்த எல்லைக்குக் கீழே எந்த நன்னடத்தைக் கழிவும் இறங்கக் கூடாது. சாட்சிகளை நேரில் கேட்டவர், முதல் நாளே, குடும்பத்தின் காதில் விழும்படி சொல்ல வேண்டும். ஒரு லட்சத்து ஏழாயிரம் பேருக்கு இடமுள்ள சிறைகளில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை அடைத்துவைத்திருக்கும் ஒரு துறையிடம் அந்த முடிவை விட்டால், இட நெருக்கடியும் தீர்ப்பில் கை வைக்கும்.

கடுங்குற்றத்தைத் தனியே பிரிப்பது நமக்குப் புதிதல்ல. 1994-இல் அதிபர் மண்டேலா, பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள்ள தாய்மார்களுக்குத் தண்டனைக் குறைப்பு அளித்தார். அந்தக் கருணையிலும் கொலையும் பாலியல் வன்கொடுமையும் விலக்கப்பட்டிருந்தன.

அடியோடு நிறுத்துவதில் மட்டும் உங்களோடு நிற்க முடியவில்லை. கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் கிறிஸ் ஹானியை 1993 ஏப்ரல் 10 அன்று அவர் வீட்டு வாசலில் சுட்டுக் கொன்ற யானுஷ் வாலுஷுக்கு, அமைச்சர் மறுத்திருந்த பரோலை வழங்கும்படி 2022 நவம்பரில் அரசியலமைப்பு நீதிமன்றம் உத்தரவிட்டது. ஹானியின் மனைவி லிம்போ ஹானி கொதித்துப் போனார். அன்று நானும் அவர் பக்கம்தான் இருந்தேன். தீர்ப்பைப் படித்த பிறகு ஒரு வாதத்தை என்னால் ஒதுக்க முடியவில்லை. குற்றத்தின் கொடுமை எத்தனை ஆண்டு ஆனாலும் மாறாது. அதை மட்டுமே காரணம் காட்டி இன்று மறுத்தால், அதே காரணத்தை என்றைக்கும் சொல்லலாம். உண்மைதான். கொடுமையை எடைபோட வேண்டிய நாள் தீர்ப்பு நாள். இருபத்தைந்து, முப்பது ஆண்டு கழித்து ஓர் அமைச்சர் அதை எடுத்து எடைபோட்டால், இழந்தவர்களுக்கும் அது நீதியாகத் தெரிவதில்லை.

இன்னொன்றும் உண்டு. இதை அம்மாவிடம் சொல்ல வேண்டாம், உங்களுக்குச் சொல்கிறேன். நம் சிறைகளில் 26, 27, 28 என்று எண்களால் பெயர் பெற்ற கும்பல்கள் இருக்கின்றன. பத்தொன்பது வயதில் உள்ளே வருபவனை முதல் வாரத்திலேயே தேடி வருவார்கள். அவர்கள் கொடுப்பது பாதுகாப்பு. அதை வேண்டாம் என்பதற்கு ஒரு பையனுக்கு ஏதாவது காரணம் வேண்டும். பரோல் என்ற ஒரு தேதிதான் அந்தக் காரணமாக இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். 2035 வரை அடைத்துவைத்தாலும் அவன் வரத்தான் போகிறான். அப்போது தண்டனை முடிந்திருக்கும், அவனைக் கண்காணிக்க ஒருவரும் இருக்க மாட்டார்கள். பரோலில் வந்தால் 2035 வரை தண்டனை தொடரும். நிபந்தனையை மீறினால் மறுபடி உள்ளே போக வேண்டியதுதான். நன்னடத்தைக் கழிவு தண்டனையை வெட்டுகிறது. பரோல் வெட்டுவதில்லை. அந்தக் கட்டுரையில் நான் ஆதரித்தது இதைத்தான், விளக்காமல் விட்டது என் தவறு.

சட்டத்தை நாளையே கடுமையாக்கினாலும் அது உங்கள் அப்பாவின் வழக்கைத் தொடாது. எந்தப் பரோல் விதி பொருந்தும் என்பதைக் குற்றம் நடந்த நாளை வைத்தே பார்க்க வேண்டும் என்று 2019-இல் பாஹ்லா வழக்கில் அரசியலமைப்பு நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஆனால் பரிசீலிப்பது வேறு, கொடுப்பது வேறு. பரோல் வாரியம் மறுக்கலாம், தள்ளியும் வைக்கலாம். அங்கே உங்கள் குரலுக்கு இடம் உண்டு. அதே குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 299ஏ பிரிவின்படி, கொலையுண்டவரின் உறவினர் வாரியத்தின் முன் தம் கருத்தைச் சொல்லலாம். அதற்கு விருப்பத்தை எழுத்தில் தெரிவித்து முகவரியும் கொடுக்க வேண்டும். வீடு மாறினால் அதையும் தெரிவிக்கும் பொறுப்பு நம்முடையதுதான். இழந்தவர்கள் தலையில் இதைச் சுமத்தியது நியாயமே இல்லை. இந்த முறை கடிதம் நல்ல மனிதர் கையில் கிடைத்தது. அதனால் இன்றைக்கே புதிய முகவரியை எழுதி அனுப்புங்கள்.

அங்கே கேளுங்கள்: எந்தப் பகுதியில் தங்கப் போகிறான், சாட்ஸ்வர்த் பக்கம் வரக் கூடாது என்று நிபந்தனை போடுவார்களா, அன்று கடையில் நடந்ததைப் பற்றி இந்தப் பத்து ஆண்டில் யாரிடமாவது உண்மையைச் சொன்னானா. அவனைச் சந்தித்துப் பேச விருப்பமா என்று உங்களைக் கேட்கக்கூடும். முடியாது என்றால் முடியாது என்று சொல்லுங்கள்; ஒருவரும் வற்புறுத்த முடியாது.

அம்மாவிடம் இந்தக் கணக்கை எப்படிச் சொல்வது என்று தயங்கினால் எழுதுங்கள், நான் வந்து சொல்கிறேன். ஒருமுறை சொல்லாமல் வந்துவிட்டேன். வாரியம் கூடும் நாள் தெரிந்ததும் அதையும் தெரிவியுங்கள். உள்ளே வர எனக்கு அனுமதி இருக்காது. வெளியே உட்கார்ந்திருக்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்