1970, 80களில் வந்த ஸ்பீக்கர்களை இப்போது செகண்ட் ஹேண்டில் வாங்கலாமா?

வாங்கலாம். கேள்விக்குக் கீழே நீங்கள் போட்டிருக்கும் விவரத்தைப் பார்த்துத்தான் எழுத உட்கார்ந்தேன். ராணிப்பேட்டையில் ஒருவர் ஒரு ஜோடிக்கு 18,000 ரூபாய் சொல்கிறார், உங்களுக்குப் பிடித்திருக்கிறது, வீட்டில் "காயலான் கடைக்குப் போறதைக் காசு கொடுத்து வாங்குவியா" என்கிறார்கள். அநேகமாக வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச காலம் ஆகியிருக்கும், கையில் ஏற்கெனவே ஒரு ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) இருக்கும். இல்லாவிட்டால் இந்த ஆசையே வராது. அந்தக் காயலான் கடைப் பேச்சை நான் என் மாமனார் வாயால், விருந்துச் சாப்பாட்டு நேரத்தில் கேட்டவன். அதனால் கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இதைப் படித்ததும் யாராவது ஒருவர் கிராஃப் படத்தோடு வந்து, "அளந்து பார்த்தால் இன்றைய ஸ்பீக்கர் முன்னால் பழசு நிற்காது" என்பார். அளவு விஷயத்தில் அவர் சொல்வது சரிதான். தீல், ஸ்மால் என்ற இரண்டு பேர் போட்ட கணக்கு 1970களில் பரவிய பிறகுதான், எந்த வூஃபருக்கு (பேஸ் சத்தம் போடும் பெரிய வட்டத்துக்கு) எவ்வளவு பெரிய பெட்டி, எவ்வளவு ஓட்டை என்பதைக் காகிதத்திலேயே முடிவு செய்ய முடிந்தது. அதற்கு முன்னால் பெரும்பாலும் அனுபவமும் காதும்தான். பழசெல்லாம் உசத்தி என்று நான் சொல்லவே இல்லை. பழசில் குப்பை நிறைய உண்டு. 18,000 ரூபாய்க்கு இன்று புதிதாக வாங்கினால் எட்டு அங்குல வூஃபர், கனமான பெட்டி, மேலே ஒட்டும் மெல்லிய நிஜ மரத் தகடு (வெனீர்) எல்லாம் சேர்ந்து வராது என்பது மட்டும்தான் என் கட்சி.

என் ஜோடி ஆம்பூரில் கிடைத்தது. செலஸ்டியன் டிட்டன் 15. இங்கிலாந்துச் சரக்கு, அறுபதுகளில் வந்து எழுபதுகளிலும் ஓடிய மாடல். விற்ற பாய் தோல் வியாபாரக் குடும்பம். பாயின் அப்பா வெளிநாடு போய் வந்துகொண்டிருந்த காலத்தில் கொண்டுவந்தது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பக்கம் பழைய தோல் வியாபாரிகள் வீட்டு மாடி அறையில் இப்படி ஏதாவது ஒன்று துணி போர்த்திக் கிடக்கும். சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் உள்ள ரிச்சி தெருவைச் சுற்றிச் சுற்றி வருபவர்களுக்கு இது தெரியாது. தெரியாமலே இருக்கட்டும்.

எனக்கு முன்னால் ஒருவர் வந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்று போயிருந்தார். அவர் கூட்டிவந்த மெக்கானிக் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "இன்னா பாய் இது, ஒன்னுத்துக்கு ஒயரும் இல்ல, மேக்னெட்டும் இல்ல. யாரோ கழட்டி வித்துட்டானுங்க" என்று சொல்லியிருக்கிறார். இரண்டு பெட்டியிலும் அதே கதை. பாய்க்குப் பெரிய அவமானமாகப் போய்விட்டது. நான் போனதும் டீ கொடுத்துவிட்டு, "தம்பி, முன்னாடியே சொல்லிடறேன். ரெண்டுலயும் ஒவ்வொன்னு செத்துப்போச்சு. என் மச்சான் மவன் ஒருத்தன் இங்க தங்கிப் படிச்சான், அவன் மேலதான் எனக்கு டவுட்டு. எட்டாயிரம் குடுத்துட்டு எடுத்துக்கினு போ" என்றார்.

விஷயம் தெரிந்தவர்களுக்கு இதற்குள் புரிந்திருக்கும். டிட்டன் 15 முன்பக்கத்தில் மூன்று வட்டம் இருக்கும். ஒன்று ட்வீட்டர் (மேல் ஸ்தாயி ஒலிக்கு), ஒன்று வூஃபர். மூன்றாவதற்குப் பிறந்ததிலிருந்தே ஒயர் கிடையாது, காயில் (கம்பிச் சுருள்) கிடையாது, மேக்னெட் கிடையாது. ஏபிஆர் (ஆக்ஸிலரி பேஸ் ரேடியேட்டர், பேஸுக்குத் துணை) என்பார்கள். பெட்டி காற்றுப் புகாமல் மூடியிருப்பதால் வூஃபரை மெல்ல உள்ளே அழுத்தினால் இது வெளியே வரும், விட்டால் இதுவும் தன் இடத்துக்குத் திரும்பும். சின்னப் பெட்டியிலிருந்து கீழ் பேஸ் எடுப்பதற்கு அந்தக் காலத்தில் கண்டுபிடித்த வழி. நான் முன்வலையை எடுத்துவிட்டு, வூஃபர் கோனை (அசையும் கூம்பை) நான்கு விரலால் சமமாக மெல்ல அழுத்தினேன். பக்கத்து வட்டம் அதே வேகத்தில் முன்னால் வந்தது. விரலை எடுத்ததும் இரண்டும் மெதுவாக அதனதன் இடத்துக்குத் திரும்பின. பாயையும் அழுத்திப் பார்க்கச் சொன்னேன். இரண்டு மூன்று தடவை அழுத்தினார். பிறகு உள்ளே போய் அந்தப் பையனுக்கு போன் போட்டார். உருதுவில் பேசினார், எனக்குப் பாதிதான் விளங்கியது, திட்டவில்லை என்பது மட்டும் தெரிந்தது.

விலை 12,000 ஆனது. அதுவும் நியாயமான விலைதான்.

இங்கேதான் என் ஆடியோ நண்பர்களுக்கும் எனக்கும் இன்றுவரை தகராறு. பேசாமல் எட்டாயிரத்தைக் கொடுத்துவிட்டு வண்டியில் ஏற்றியிருக்கலாமாம். என் பெயரே "அரிச்சந்திரன்" ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை யார் வீட்டில் கூடினாலும் புதிதாக வருபவருக்கு இந்தக் கதையைச் சொல்லித்தான் என்னை அறிமுகம் செய்வார்கள். நீங்களும் அப்படித்தான் நினைப்பீர்கள் என்றால் நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பையன் மேல் திருட்டுப் பழி இருக்கும்போது நாலாயிரம் மிச்சம் பிடிக்க எனக்கு மனசு வரவில்லை. இதைப் பெருமைக்குச் சொல்வதாகக் கீழே எழுதப் போகிறவர்களுக்கு: ஆமாம், கொஞ்சம் பெருமைதான்.

சரி, வீட்டுக்கு வந்து போட்டுக் கேட்டால் சத்தம் போர்வைக்குள்ளிருந்து வந்தது. ஜால்ரா, மோர்சிங் எல்லாம் மங்கல். பயப்பட வேண்டிய வியாதி இல்லை. அந்தக் காலத்துக் கிராஸ் ஓவரில் (சத்தத்தை வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் பிரித்துக் கொடுக்கும் சர்க்யூட்டில்) நான்-போலார், அதாவது ப்ளஸ் மைனஸ் இல்லாத எலக்ட்ரோலிட்டிக் கண்டன்சர் போட்டிருப்பார்கள். வயதானால் உள்ளே இருக்கும் திரவம் காய்ந்துவிடும், ட்வீட்டருக்குப் போகவேண்டியது சரியாகப் போகாது. காட்பாடியில் மைக் செட் ரிப்பேர் பார்க்கும் அண்ணன் ஒருவர் எங்கள் குழுவில் இருக்கிறார். அவர் பழையதை ஒவ்வொன்றாகக் கழற்றி மதிப்பைத் தாளில் எழுதிவைத்து, அதே மைக்ரோஃபாரட் அளவில் ஃபிலிம் கண்டன்சர் போட்டுக் கொடுத்தார். கடையில் "கண்டன்சர் குடுங்க" என்று மட்டும் கேட்டால் ப்ளஸ் மைனஸ் உள்ள சாதாரணதைத் தூக்கிக் கொடுத்துவிடுவார்கள், கவனம். அவசரத்துக்கு ஒரே மதிப்புள்ள இரண்டு சாதாரணதின் மைனஸ் கால்களைச் சேர்த்தால் நான்-போலார் மாதிரி வேலை செய்யும். மதிப்பு மட்டும் பாதியாகும் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

அதற்குப் பிறகு நாகஸ்வரத் தட்டு ஒன்றைப் போட்டோம். சீவாளியில் காற்று பிடிக்கும் அந்த முதல் நொடி கேட்கிறது, தவிலில் வலந்தலையும் தொப்பியும் தனித்தனியாக நிற்கின்றன. இதில் இருக்கும் எச்எஃப் 1300 ட்வீட்டரைத்தான் ஸ்பெண்டார் பிசி1 என்ற புகழ்பெற்ற பெட்டியிலும் போட்டிருந்தார்கள், சும்மா இல்லை. ராஜா பாட்டில் பேஸ் கிட்டார் எந்த நோட்டில் நடக்கிறது என்பதை விரல் வைத்துச் சொல்லலாம். அடிவயிற்றை உலுக்கும் பேஸ் வேண்டுமென்றால் இது உங்களுக்கு ஆகாது. மண்டபத்துக்குப் போங்கள், இலவசமாகவே உலுக்குவார்கள்.

ஒரு தடவை கொல்கத்தாக்காரர் ஒருவர் வந்தார். மனைவியின் சிகிச்சைக்காக வேலூருக்கு வந்து லாட்ஜில் தங்கியிருந்தவர். ஸ்பேர்ஸ் கடைக் கவுண்டரில் பிரித்துப் போட்டிருந்த வூஃபரைப் பார்த்து நின்று பேச்சுக் கொடுத்திருக்கிறார். 1970இல் அவர் ஊரில் தொடங்கிய சோனோடைன் கம்பெனியின் பெட்டிகளை இளவயதில் வைத்திருந்தாராம், மகன் எடைக்குப் போட்டுவிட்டானாம். "தாதா (வங்காளத்தில் அண்ணன்), வாங்க" என்று எங்கள் குழு ஆட்கள் கூட்டிவந்தார்கள். வங்காளப் பாடகர் ஹேமந்த் முகர்ஜியின் பாட்டு வேண்டும் என்றார். எங்களிடம் தட்டு இல்லை, அவர் போனிலிருந்தே போட்டோம். ஒரு வார்த்தை பேசாமல் கேட்டார். போகும்போது அறை வாடகையைச் சொல்லிப் புலம்பினார்.

அதைக் கேட்டதும் எனக்கு என் வயிற்றெரிச்சல் கிளம்பிவிட்டது. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்கிறேன். ஆஸ்பத்திரியைச் சுற்றி நடந்துபோகும் தூரத்தில் குடும்பத்துக்கு வாடகை வீடு கிடைப்பது எவ்வளவு பாடு தெரியுமா? நாங்கள் நல்லபடியாகக் குடியிருந்த வீட்டை எங்கள் ஓனர் தின வாடகை அறைகளாகத் தடுக்கப்போகிறேன் என்று காலி செய்யச் சொன்னார். சரி, அவர் வீடு, அவர் இஷ்டம். அட்வான்ஸில் பெயிண்ட் அடிக்க என்று ஒரு மாத வாடகையைப் பிடித்தாரே, இடிக்கப்போகிற சுவருக்கு எதற்கய்யா பெயிண்ட்? சத்துவாச்சாரிக்கு மாறினோம். ஸ்பீக்கர் பெட்டியை ஏற்ற மினி லாரிக்காரர் தனியாகக் காசு கேட்டார். விடுங்கள்.

உங்கள் ஜோடிக்கு வருவோம். கேட்டு முடிவு செய்வதற்கு முன்னால் முன்வலையைக் கழற்றச் சொல்லுங்கள். கழற்ற மாட்டேன் என்றால் பேச்சே வேண்டாம், கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். கோனைச் சுற்றியிருக்கும் வளையம் ரப்பரா, துணியா, ஃபோமா என்று பாருங்கள். ரப்பரும் துணியும் பெரும்பாலும் நம்மைவிட அதிக நாள் இருக்கும். ஃபோம் வளையம் நல்ல ஊரிலேயே பதினைந்து இருபது வருடம்தான், மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும் நம் ஊரில் கேட்கவே வேண்டாம். விரல் பட்டால் பொரித்த அப்பளம் மாதிரி உதிரும். உதிர்ந்தால் அந்த ஸ்பீக்கரே போச்சு என்று அர்த்தமில்லை. அளவு பார்த்துப் புது வளையம் வாங்கி ஒட்டலாம், அந்தச் செலவை விலையில் கழித்துக்கொள்ளுங்கள். ஒரு வித்தியாசம் மட்டும் தெரிந்திருக்கட்டும்: ஜேபிஎல் எல்100 மாதிரி சிலவற்றில் பொடிப்பொடியாக உதிர்வது முகப்பு ஃபோம் வலை, கோன் வளையம் நன்றாகவே இருக்கும். அதைப் பார்த்து ஓடிவந்துவிடாதீர்கள்.

"ரீகோன் பண்ணியாச்சு சார், புதுசு மாதிரி" என்று பெருமையாகச் சொன்னால் எனக்கு வயிற்றைக் கலக்கும். ரீகோன் என்றால் கோனை மாற்றுவது; நம் பக்கம் அதற்குப் பெரும்பாலும் மைக் செட்டுக்குப் போடும் விறைப்பான பேப்பர். கல்யாண வீட்டுக்கு அது அருமை. வீட்டு ஸ்பீக்கருக்கு அதைப் போட்டால் பெட்டி பழசு, ஸ்பீக்கர் வேறு.

மல்ட்டி மீட்டர் எடுத்துப் போங்கள். 8 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் ஏறக்குறைய 6 காட்டும், 4 ஓம் என்றால் 3, மூன்றரை. அதைப் பார்த்து எல்லாம் சரி என்று எண்ணிவிட வேண்டாம். பின்பக்க டெர்மினலில் வைத்தால் மீட்டர் காட்டுவது வூஃபரை மட்டும்தான். ட்வீட்டருக்கு முன்னால் கண்டன்சர் நிற்பதால் அது செத்திருந்தாலும் மீட்டருக்குத் தெரியாது. பாட்டைச் சின்னதாக வைத்து ஒவ்வொரு ட்வீட்டருக்கும் பக்கத்தில் காதைக் கொண்டுபோங்கள். பிறகு வூஃபர் கோனைச் சமமாக அழுத்தி, உள்ளே கரகர என்று உரசுகிறதா என்று கேளுங்கள். உரசினால் காயில் இடம் மாறியிருக்கிறது.

இன்னொன்று யாரும் சொல்ல மாட்டார்கள்: பெட்டியைச் சாய்த்து அடிப்பலகையைப் பாருங்கள். அந்தக் காலத்துப் பெட்டிகளில் பாதிக்கு மேல் வெனீருக்குள்ளே மரத்தூள் பலகைதான். வருடக்கணக்கில் தரை துடைத்த தண்ணீர் பட்டுப் பட்டு ஓரம் உப்பியிருக்கும். பாலாற்று வெள்ளத்தில் நின்ற ஜோடி ஒன்றைக் குடியாத்தம் பக்கம் பார்த்தேன். பாலிஷ் போட்டு மினுக்கி வைத்திருந்தார்கள், அடியில் நகத்தால் கீறினால் தூளாக வந்தது.

கடைசியில் இரண்டையும் சேர்த்துப் போட்டு நடுவில் உட்காருங்கள். பாடுகிறவர் குரல் நடுவிலிருந்து வரவேண்டும். குரல் எங்கே நிற்கிறது என்றே தெரியாமல் பேஸும் காணாமல் போனால் முதலில் ஒரு பெட்டியின் ஒயரை மாற்றிச் செருகிப் பாருங்கள். சரியாகிவிட்டால் பெட்டியில் குறை இல்லை. விற்பவருக்கு இதை முன்கூட்டியே சொல்லவேண்டுமா, விலை பேசிய பிறகு சொல்லவேண்டுமா என்பது உங்கள் பாடு. என் நண்பர்களைக் கேட்டால் ஒரு பதில் சொல்வார்கள், நான் வேறு சொல்வேன்.

18,000 நியாயமா என்று கேட்டிருக்கிறீர்கள். என்ன கம்பெனி, என்ன மாடல் என்றே நீங்கள் போடவில்லையே? பின்பக்கத்து ஸ்டிக்கரையும் முன்வலை எடுத்த முகப்பையும் படம் எடுத்துப் போடுங்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் காட்பாடி அண்ணனும் நானும் ராணிப்பேட்டைக்கே வந்து பார்க்கிறோம், மீட்டர் அவரிடம் இருக்கிறது.