மீன்பிடித் தடைக்காலம் முழுவதும் நிற்கும் வண்டிக்கு ஒரு சிறிய சோலார் பேனல் போதுமா?

கேள்வி: கீழக்கரையில் வீடு. வருடத்தில் பல மாதங்கள் காரை வாசலிலேயே நிறுத்திவிட்டுப் போக வேண்டியிருக்கிறது. சிறிய சோலார் பேனல் ஒன்றை மாட்டினால் பேட்டரி இறங்காமல் இருக்குமா? பேட்டரிக் கம்பியைக் கழற்றி வைத்தாலே போதும், சோலார் எல்லாம் வீண் செலவு என்கிறார்களே?

பதில்:

இறங்காமல் இருக்கும். வீண் செலவும் இல்லை. நான்கு மீன்பிடித் தடைக்காலமாக என் வண்டியில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். நான் பேனல் விற்பவன் இல்லை, எந்தக் கம்பெனிக்கும் ஆள் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. சோலார் என்ற சொல்லை எடுத்தாலே "உனக்கு இதில் எவ்வளவு கமிஷன்?" என்று கேட்க ஒருவர் வந்துவிடுகிறார்.

நீங்கள் வளைகுடாவில் வேலை பார்ப்பவர் என்று எடுத்துக்கொள்கிறேன். கீழக்கரையில் உறை போட்டு மூடிய கார் நிற்காத தெரு குறைவு. விடுமுறைக்கு வந்து இறங்கிய அன்றே வண்டி தேவைப்படும், அன்றுதான் செல்ஃப் எடுக்காது. உங்கள் கேள்வியில் அந்த எரிச்சல் எனக்குத் தெரிகிறது.

நான் பாம்பனில் மீன் வண்டி ஓட்டுகிறேன். சொந்த வண்டி, பின்னால் ஐஸ் பெட்டி கட்டியது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. நாட்டுப்படகுகளுக்குத் தடை இல்லை என்றாலும் அந்த மீனுக்குக் கரையில் நிற்கும் வண்டிகளில் பாதிகூடத் தேவைப்படாது. என் வண்டி தென்னந்தோப்பில் நிற்கும். அங்கே கரண்ட் இணைப்பு இல்லை. அதனால் "வீட்டு சார்ஜரைப் போட வேண்டியதுதானே" என்று எழுத நினைப்பவர்கள் தயவுசெய்து இதைக் கவனியுங்கள்.

இப்போது "கம்பியைக் கழற்று" என்பதற்கு வருகிறேன். எனக்கு வலிக்கும் இடமே இதுதான். புதிய பேட்டரி, ஒரு மாத நிறுத்தம் என்றால் நெகட்டிவ் கம்பியைக் கழற்றினால் போதும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் என் வண்டி தவணையில் வாங்கியது. கடன் கொடுத்தவர்கள் அதில் ஜிபிஎஸ் கருவி ஒன்றைப் பொருத்தியிருக்கிறார்கள். பேட்டரியிலிருந்து வரும் மின்சாரம் நின்றதும் அது அவர்களுக்குத் தகவல் அனுப்பிவிடும். முதல் வருடம் கம்பியைக் கழற்றிய அன்று மாலையே போன் வந்தது. "வண்டியை எங்கே மறைத்து வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டார் ஒரு பையன். ஒரு மாதம்கூடத் தவணை தவறாதவனிடம் கேட்கிற கேள்வியா இது? கம்பியைத் திரும்ப மாட்டச் சொன்னார், மாட்டினேன்.

அதன் விலை ஜூனில் தெரிந்தது. கணக்கு எளிது. ஜிபிஎஸ் கருவி, அலாரம், பாட்டுப்பெட்டியின் நினைவகம் எல்லாம் சேர்ந்து வண்டி சும்மா நிற்கும்போதே 30 மில்லி ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 0.72 ஆம்பியர் மணி. 61 நாட்களில் ஏறத்தாழ 44 ஆம்பியர் மணி. என் பேட்டரியின் மொத்தக் கொள்ளளவே 60. இது போதாதென்று லெட் ஆசிட் பேட்டரி யாரும் தொடாமலேயே தானாகவும் இறங்கும். சூடு கூடக் கூட அந்த இறக்கமும் வேகமாகும், 10 டிகிரி ஏறினால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. நம் கரையின் சித்திரை வைகாசி வெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இறங்கிய நிலையிலேயே நாட்கணக்கில் கிடந்தால் தகடுகளில் ஈய சல்பேட் கெட்டிப்பட்டுவிடும். அதன்பின் எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் பழைய பலம் வராது.

தடை முடிந்து போன படகுகள் மறுநாள் கரை திரும்பும்போது இறங்குதளத்தில் நிற்க இடம் இருக்காது. வருடத்தின் மிகப் பெரிய இறால் வரத்து அந்த நாட்களில்தான். கணவாய், நண்டு, சங்காயம் என்று எல்லாமே ஒரே நேரத்தில் இறங்கும். முதல் லோடு ஏற்றியவனுக்குத்தான் அந்த வாரம் முழுக்க வாடகை. அந்த விடியற்காலை என் வண்டியில் சாவியைத் திருப்பினால் 'டக்' என்ற சத்தம் மட்டும் வந்தது. தோப்பு மணலில் வண்டியைத் தள்ளியும் ஸ்டார்ட் செய்ய முடியாது. என் மச்சான் பக்கத்து வண்டிக்காரரிடம் கெஞ்சி அவருடைய பேட்டரியிலிருந்து கம்பி கொடுத்து ஒருவழியாகக் கிளப்பினார். அதற்குள் தூத்துக்குடி லோடு வேறு ஒருவருக்குப் போய்விட்டது. வாங்கி ஒரு வருடம்கூட ஆகாத பேட்டரி. விற்ற கடைக்குக் கொண்டுபோனால், முழுதாக இறங்கிப்போன பேட்டரிக்கு வாரண்டி கிடையாது என்று அட்டையின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில், ஆங்கிலத்தில், அச்சடித்திருப்பதைக் காட்டினார்கள். காசு வாங்கும்போது இதை யாரும் படித்துக் காட்டவில்லை.

உச்சிப்புளியில் வண்டிகளுக்கு எலக்ட்ரிக் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு, "தம்பி, பேட்டரியில் குறை இல்லை. பட்டினி போட்டே கொன்றிருக்கிறீர்கள். தினம் ஒரு வாய் ஊட்ட ஒரு சின்ன பேனல் போடுங்கள்" என்றார். 20 வாட் பேனலும், பேட்டரிக்கு ஏறும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் சார்ஜ் கன்ட்ரோலரும் அவரே வாங்கித் தந்தார். புதிய பேட்டரி விலையில் பாதிகூட ஆகவில்லை. அதன்பின் வந்த ஒவ்வொரு தடைக்காலத்தின் முடிவிலும் முதல் திருப்பிலேயே வண்டி கிளம்புகிறது. இதில் எனக்குப் பெருமைதான், மறைக்கவில்லை.

உங்களுக்கு எத்தனை வாட் வேண்டும்? தாளில் கணக்குப் போட்டால் 5 வாட் போதும். ஆனால் தாளில் போடும் கணக்கில் உப்பும் தூசியும் காக்கை எச்சமும் வருவதில்லை. கன்ட்ரோலரும் தனக்கென்று கொஞ்சம் மின்சாரம் எடுத்துக்கொள்ளும். பேனல் சூடானால் மின்சாரமும் குறையும், 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.4 சதவீதம். மே மாத மதியம் பேனலின் மேல் கை வைக்க முடியாது, 60 டிகிரியைத் தொட்டிருக்கும். ஆகவே 10 வாட்டுக்குக் குறையாதீர்கள், 20 இருந்தால் நிம்மதி.

கன்ட்ரோலர் இல்லாமல் நேராக இணைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். 5 வாட்டுக்குள், இரவில் மின்சாரம் திரும்பிப் போகாமல் தடுக்கும் டயோடும் இருந்தால், தப்பித்துக்கொள்ளலாம். 20 வாட்டில் அந்த விளையாட்டு வேண்டாம். 12 வோல்ட் பேனல் என்று விற்பது வெயிலில் சும்மா இருக்கும்போது 21 வோல்ட் வரை காட்டும். பேட்டரி நிறைந்த பிறகும் அது விடாமல் ஏற்றிக்கொண்டே இருந்தால் உள்ளே தண்ணீர் கொதித்து வற்றும். நல்ல கன்ட்ரோலர் 14.4 வோல்ட் அளவில் நிறுத்தி, அதன்பின் 13.7 அளவில் வைத்துப் பார்த்துக்கொள்ளும். கன்ட்ரோலரில் முதலில் பேட்டரியை இணையுங்கள், பிறகு பேனலை. கழற்றும்போது முதலில் பேனல். பாசிட்டிவ் கம்பியில், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு பியூஸ் கட்டாயம். சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும். பீடி பற்றவைத்துக்கொண்டு அந்த வேலையைச் செய்யாதீர்கள்.

கண்ணாடிக்குப் பின்னால், டேஷ்போர்டு மேல் வைத்து சிகரெட் லைட்டர் ஓட்டையில் செருகும் பேனல்கள் விற்கிறார்கள். உங்களைப் போன்றவர்கள் பெரும்பாலும் அதைத்தான் வாங்குவார்கள், செருகுவது எளிது என்பதால். பல கார்களில் சாவியை எடுத்ததும் அந்த ஓட்டைக்கும் பேட்டரிக்கும் தொடர்பு அறுந்துவிடும். பேனலில் விளக்கு எரியும், பேட்டரிக்கு ஒரு சொட்டுக்கூடப் போகாது. பேட்டரி டெர்மினலிலேயே நேராக இணையுங்கள். உறை போட்டு மூடிய காருக்குள் பேனல் எப்படியும் வேலை செய்யாது. மொட்டைமாடியில் பேனலை வைத்துக் கம்பியைக் கீழே இறக்குங்கள். ஒரு ஆம்பியர்தான் ஓடப்போகிறது, நடுத்தரத் தடிமன் கம்பி போதும். எலி கடிக்காமல் குழாய்க்குள் விடுங்கள்.

எந்தப் பக்கம் சாய்த்து வைப்பது? தெற்குப் பக்கம் என்று எல்லோரும் சொல்வார்கள். வருடம் முழுக்க அசையாமல் இருக்கும் பேனலுக்கு அது சரி. ஆனால் ராமேஸ்வரம் 9.3 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. சித்திரை முதல் தேதியை ஒட்டி, அதாவது தடைக்காலம் தொடங்கும் அதே நாட்களில், நடுப்பகல் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேராக வந்துவிடுகிறது. அதன்பின் ஆகஸ்ட் கடைசி வரை அது உச்சிக்கு வடக்கே நிற்கிறது. ஜூன் நடுவில் 14 டிகிரி வடக்கே. அந்த மாதங்களில் தெற்கே சாய்த்து வைத்தால் சூரியனுக்கு முதுகைக் காட்டுவதாகும். நான் ஐஸ் பெட்டியின் கூரையில் கிட்டத்தட்டப் படுக்கையாக, தண்ணீர் வழிய மட்டும் வடக்கே லேசாகச் சாய்த்துக் கட்டியிருக்கிறேன். நீங்கள் வருடம் முழுவதும் வைப்பதென்றால் தெற்கே பத்து டிகிரி போதும். இது நம்மைப் போல் தெற்கே இருப்பவர்களுக்கு உரிய விஷயம், வடக்கத்தி வீடியோக்களில் வராது.

நிழலில் மட்டும் வைக்காதீர்கள். உள்ளே இருக்கும் செல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுக்கப்பட்டவை. ஒரு தென்னையோலையின் நிழல் இரண்டு செல் மேல் விழுந்தாலும் மொத்தமும் படுத்துவிடும். அதற்காகவே வண்டியைத் தோப்பின் ஓரத்துக்கு, திறந்த வெளிக்கு மாற்றினேன். கச்சான் காற்று அடிக்கத் தொடங்கியதும் கட்டாத பேனல் அடுத்த தெருவில்தான் கிடைக்கும். நட்டும் போல்ட்டும் ஸ்டெயின்லெஸ் ஆக இருக்கட்டும். செம்புக் கம்பியின் முனைகளில் பச்சைக் களிம்பு பிடித்தால் வெயில் இருந்தும் பயன் இல்லை, வாசலின் தடவி வையுங்கள்.

தடைக்காலம் என்று ஆரம்பித்துவிட்டேன், மனதில் இருப்பதைச் சொல்லாமல் போக முடியவில்லை. மீனவக் குடும்பங்களுக்குத் தடைக்கால நிவாரணம் 8000 ரூபாய் தருகிறார்கள். அது போதாது என்று அவர்கள் கேட்பதும் நியாயமே. அந்த மீனை ஏற்றி இறக்கும் வண்டிக்காரர்கள், ஐஸ் உடைப்பவர்கள், கூடை தூக்கும் பெண்கள் ஆகியோருக்கும் அதே 61 நாட்கள்தான் வேலை இல்லை. என் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. கடலுக்குத் தடைக்காலம் உண்டு, என் தவணைக்குக் கிடையாது. ஏப்ரல் முடிந்ததும் தவணையைக் கேட்டுப் போன் வருகிறது, மே மாதமும் வருகிறது. மீன் குஞ்சு பொரிக்கத் தடை வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. வருமானம் நிற்கும் இரண்டு மாதங்களின் தவணையைக் கடைசியில் சேர்த்து வாங்கிக்கொண்டால் யாருக்கு என்ன நஷ்டம்? இது உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லாததுதான். ஆனாலும் இதைப் படிப்பவர்களில் யாராவது ஒருவர் கேட்க வேண்டிய இடத்தில் கேட்கட்டும்.

வாரம் ஒருமுறை பத்து நிமிடம் ஓடவிட்டால் போதாதா என்று கேட்பார்கள். அந்தப் பத்து நிமிடத்தில், ஸ்டார்ட் செய்ய எடுத்தது போக ஏறுவது கொஞ்சம்தான். அந்த வாரம் ஜிபிஎஸ்ஸும் அலாரமும் குடித்ததை அது நிரப்பாது. டீசலும் வீண்.

நீங்கள் விமானம் ஏறுவதற்கு முன் செய்ய வேண்டியது இவ்வளவுதான். பேட்டரியை முழுதாகச் சார்ஜ் ஏற்றிக்கொள்ளுங்கள். காலையில் வெயில் வருமுன், வண்டியை ஓட்டிச் சில மணி நேரம் கழிந்த நிலையில், மீட்டர் 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்ட வேண்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. மூடி திறக்கும் வகைப் பேட்டரியாக இருந்தால் டிஸ்டில் வாட்டர் அளவு பாருங்கள். வீட்டுச் சாவி வைத்திருக்கும் உறவினர் யாரிடமாவது மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில் பேனலைத் துடைக்கவும், கன்ட்ரோலரில் விளக்கு எரிகிறதா என்று பார்க்கவும் சொல்லிவிட்டுப் போங்கள்.

ஏற்கெனவே 11 வோல்ட்டுக்குக் கீழே போன பேட்டரி என்றால் சிறிய பேனல் அதைத் தூக்கி நிறுத்தாது. முதலில் பேட்டரிக் கடையில் கொடுத்து மெதுவாக ஏற்றி வாங்குங்கள். அங்கேயும் ஏறவில்லை என்றால் புதிதாக ஒன்று வாங்கிவிட்டுப் பேனலை மாட்டுங்கள். கடைக்காரரிடம் வாரண்டி அட்டையின் பின்பக்கத்தைக் காசு கொடுப்பதற்கு முன் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.