குறைமாத இரட்டையரில் ஒன்று வீட்டுக்கு வந்தபின் மூச்சை நிறுத்துவது ஏன்?

மூச்சு 20 விநாடி நின்றாலோ, அதற்குள்ளேயே உதடு நீலம் பாரித்தாலோ அதை மூச்சுத்தடை என்கிறோம். 37 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைக்கு, மூச்சை இயக்கும் மூளைத்தண்டு முழுதாக முதிர்ந்திருக்காது. சைக்கிள் பழகும் பிள்ளை பெடல் மிதிக்க மறப்பது மாதிரிதான். முதுகில் தொட்டால் மறுபடி மிதிக்கும். அதனால் மூச்சு நின்றால் குழந்தையின் உள்ளங்காலை மெல்லத் தேய்த்துவிடுங்கள். குலுக்கவே கூடாது. மூச்சு வராவிட்டால் உடனே 108. தானே சரியானாலும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். டிஸ்சார்ஜுக்குப் பிறகு புதிதாக வருவது கிருமித்தொற்றின் முதல் அடையாளமாக இருக்கலாம். அப்புறம், நிறம் மாறாமல் ஐந்து, பத்து விநாடி நின்று, பிறகு வேகவேகமாக மூச்சு விடுவது இயல்புதான்.

“கூடப் பிறந்தது நன்றாகத்தானே இருக்கிறது” என்று மட்டும் விட்டுவிடாதீர்கள். இரட்டையர் என்றாலும் எடையும் வளர்ச்சியும் வேறு வேறு.